'ஸ்மியர் சோன்': பூச்சா, தோய்வா, ஊறலா?

அன்புடையீர்,

மூடப்பட்ட எரிபொருள் நிரப்பு நிலையங்களில் தரைக்கீழ் நீரை ஆராயும் அறிக்கைகளில் வரும் 'ஸ்மியர் சோன்' (smear zone) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன பெயரிடலாம் என்ற நம் கலந்துரையாடலில் முன்வைக்கப்பட்ட 'பூச்சு வலயம்' என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதும் நெற்றிக்குச் சந்தனம் பூசுவதும் மேற்பரப்போடு நின்றுவிடுபவை. நாம் பெயரிட வேண்டியதோ மண்ணின் நுண்துளைகளுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்ட எண்ணெயைக் கொண்ட ஒரு படை.

நிலத்தில் புதைத்த தாங்கியோ அதன் குழாய்ப் பொருத்தோ கசியும்போது பெற்றோல் கீழிறங்கி, லீற்றருக்கு ஏறத்தாழ 740 கிராமே நிறை கொண்டதாகையால், தரைக்கீழ் நீரின் மேல்மட்டமான நீர்ப்பீடத்தின்மேல் மிதந்து நிற்கும். திருகோணமலையின் கடலோர மணற்பாங்கான நிலத்தில் அந்த நீர்ப்பீடம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஐப்பசியில் தொடங்கும் மாரி மழையோடு அது ஏறும்போது எண்ணெயையும் தூக்கிக்கொண்டு ஏறுகிறது. கோடையில் இறங்கும்போது எண்ணெயும் கூடவே இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் அதில் ஒரு பங்கு மணல்மணிகளுக்கிடையே சிக்கிக்கொள்கிறது. எங்கள் வீட்டுக் கிணற்றில் மார்கழி நீர் நின்ற இடத்துக்கும் ஆவணி நீர் நிற்கும் இடத்துக்கும் இடையே மூன்று சீமெந்து வளையங்கள் தெரியும், அவற்றில் பாசி கோடு கோடாகப் படிந்திருக்கும். எரிபொருள் கசிந்த நிலத்தில் அந்த மூன்று வளைய உயரமும் எண்ணெய் உலாவிய உயரமாகிவிடும். துளையிட்டு எடுத்த மண்ணைத் தகட்டில் நீளவாக்கில் கிடத்தினால், மேலே மஞ்சள் மணலும், நடுவே சாம்பல் நிறமேறிப் பெற்றோல் மணக்கும் ஒரு பகுதியும், அதற்குக் கீழே மீண்டும் வெளிறிய மணலும் இருக்கும். அந்த நடுப்பகுதிக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

சென்ற வாரம் நான் முன்மொழிந்த 'தோய்வலயம்' என்பதை மீளப் பெறுகிறேன். சாயத்தில் துணி தோய்வதை எண்ணி அதை எழுதினேன். ஆனால் உடுப்புத் தோய்ப்பது என்றால் எங்கள் பக்கத்தில் வெளுப்பது என்றுதான் பொருள் என ஓர் அன்பர் எடுத்துக்காட்டியது முற்றிலும் சரி. அழுக்குத் தங்கிய இடத்துக்கு அழுக்குப் போக்கும் சொல்லை வைக்கக் கூடாது. வேறு சொற்களை எண்ணிப் பார்த்தால், 'கறைவலயம்' கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சுட்டுகிறது. 'எச்சவலயம்' எண்ணெய் கீழிறங்கிய வழியெங்கும் விட்டுச்சென்ற மிச்சத்தையும் சேர்த்துக்கொள்ளும்.

ஆகவே 'ஊறுவலயம்' என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். எண்ணெய் ஊறிய பலகை, எண்ணெய் ஊறிய திரி என்று நாம் சொல்லும்போது உள்ளே இறங்கித் தங்கியதையே குறிக்கிறோம். மணற்கேணியில் நீர் ஊறுகிறது என்னும்போது அதே வினை, தங்கியது மெல்ல வெளிவருவதைக் குறிக்கிறது. இந்த இரண்டாவது பொருள்தான் என்னை இச்சொல்லின் பக்கம் இழுத்தது. ஏனெனில் மாரியில் நீர் உயர்ந்து நிற்கும்போது சிக்கிய எண்ணெய் நீருக்கடியில் அகப்பட்டிருப்பதால், நீரைச் சோதிக்கவென்று துளைத்த கண்காணிப்புக் கிணற்றில் மிதக்கும் படலம் மெலிந்து சில வேளை இல்லாமலே போய்விடுகிறது, கோடையில் நீர் இறங்கியதும் எண்ணெய் மீண்டும் கிணற்றுக்குள் ஊறி வருகிறது. தையில் ஒரு முறை மட்டும் மாதிரி எடுத்துவிட்டு 'எண்ணெய் இல்லை' என்று எழுதிய அறிக்கை ஒன்றைப் படித்து வருந்தியிருக்கிறேன். அந்நிலத்துக்கு அடுத்த வளவில் குடிகிணறு இருந்தது. படலம் தெரியாத காலத்திலும் அந்த மண்ணிலிருந்து, பெற்றோலில் உள்ள நச்சுப்பொருளான பென்சீன் நீரில் கரைந்துகொண்டே இருக்கும். குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் தரும் வழிகாட்டு அளவு லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம் மட்டுமே.

'ஊறு' என்பதற்குத் தீங்கு என்ற பொருளும் உண்டே என்று கேட்கப்படலாம். இங்கே அது பொருந்தவே செய்கிறது. நீரூற்றுப் பகுதி என்று மயங்க இடமுண்டு என்பதே வலுவான தடை. அதனால் அறிக்கையில் முதன்முறை வரும்போது 'எண்ணெய் ஊறுவலயம்' என்று எழுதி, பின்னர் சுருக்கிக்கொள்ளலாம்.

சொல் வாக்கியத்தில் நிற்கிறதா என்று பார்க்க ஓர் எடுத்துக்காட்டு: "எண்ணெய் ஊறுவலயத்தின் மேலெல்லையை மார்கழியிலும் கீழெல்லையை ஆவணியிலும் அளந்து, இரண்டுக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு அரை மீற்றரிலும் மண் மாதிரி எடுக்கப்பட வேண்டும்." வாசித்துப் பார்த்து, இடறும் இடத்தைச் சொல்லுங்கள்.