பீடப் படத்தின் பலகையும் தங்கரேக்கும்

கேள்வி (திருகோணமலை):
வணக்கம். கடற்கரையோரம் உள்ள எங்கள் சிற்றாலயத்தின் பீடத்துக்குப் பின்னால், பலகையில் தீட்டிய மரியன்னை படமொன்றை வைக்கப் பங்கு மக்கள் விரும்புகிறோம். முன்பிருந்த படம் பலகைப் பொருத்துகளின் வழியே வெடித்து, பொன்னிறமும் கறுத்துப் போயிற்று. வான் ஐக் சகோதரர்கள் தீட்டி 1432இல் நிறைவுற்ற, பெல்ஜியத்தின் கெந்த் நகரப் பீடப் படம் இன்றும் ஒளிர்கிறதே, அதற்குரிய பலகையை எவ்வாறு ஆயத்தம் செய்தார்கள்?

பதில் 1:
ஐயா, நான் சித்திரம் கற்பிப்பவன். கெந்த் படத்துக்கு உகந்த பால்டிக் ஓக் மரத்தைத் தெரிந்து, சோக்குத் தூளை விலங்குப் பசையில் குழைத்துப் பூசி, வழவழப்பாகத் தேய்த்த பின்னரே எண்ணெயில் குழைத்த நிறங்களை மெல்லிய படலங்களாக ஏற்றினார்கள். அடியிலுள்ள வெண்மை ஒளியைத் திருப்பி அனுப்புவதால்தான் அந்தச் சிவப்பும் பச்சையும் அத்தனை ஆழமாகத் தெரிகின்றன. இத்தாலியரோ பொப்லர் மரப் பலகையின் பொருத்துகளை லினன் துணியால் மூடி, ஜிப்சம் பூசி, பொன் வரும் இடங்களில் செங்களிமண் தடவி, அதை ஈரமாக்கித் தங்கரேக்கை (மிக மெல்லியதாகத் தட்டிய பொன் தாளை) ஒட்டி, நாய்ப்பல்லாலோ வழவழப்பான கல்லாலோ மெருகிட்டார்கள். உங்கள் பழைய படத்தில் அந்தத் துணி இல்லாமையே வெடிப்புக்குக் காரணமாக இருக்கலாம். நீலத்தைப் பொறுத்தவரை, புளோரன்ஸ் ஓவியர் கிர்லாண்டாயோவுடன் 1485இல் செய்த ஒப்பந்தம் அவுன்ஸ் ஒன்றுக்கு ஏறத்தாழ 4 ஃப்ளோரின் (புளோரன்ஸின் பொற்காசு) பெறுமதியான நீலத்தையே பயன்படுத்த வேண்டும் என்று விதித்தது. ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த நீலக்கல்லை அரைத்தெடுத்த நிறம் அது. பணம் கொடுத்தவர்கள் பொருளின் தரத்தில் எவ்வளவு கண்டிப்பாக இருந்தார்கள் என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

பதில் 2:
எங்கள் குடும்பம் கோயில் வாகனங்கள் செதுக்குகிறது. மரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வைரம் பாய்ந்து நன்றாகக் காய்ந்த பலாவோ முதிரையோ எடுங்கள். முன்புறம் மட்டும் பூசினால் பின்புறம் ஈரத்தை உறிஞ்சிப் பலகை வளையும். ஆகவே இரு புறமும் பூசுவியுங்கள். பின்சட்டத்தை ஆணியால் இறுக்காமல், பலகை சுருங்கவும் விரியவும் இடம் விட்டுப் பொருத்தச் சொல்லுங்கள். படத்துக்கும் சுவருக்கும் இடையில் காற்றோட்டமும் வேண்டும்.

பதில் 3:
மேலே சொன்ன விலங்குப் பசை ஈரத்தை இழுத்துப் பூஞ்சணம் பிடிக்கக்கூடியது என்பதால், மாரி மழையில் கூரை ஒழுகாதிருப்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். கறுத்தது பொன்னாக இருக்க முடியாது. பித்தளைத் தூள் கலந்த பெயின்ற் உப்புக் காற்றில் அப்படித்தான் கறுக்கும். செலவைக் குறைக்க வேண்டுமானால் பொன் பூசும் இடங்களைக் குறைத்து, அன்னையின் ஒளிவட்டத்துக்கு மட்டுமாவது அசல் தங்கரேக்கைப் பயன்படுத்துங்கள்.