ஸ்டேக்ஹவுஸ் நூடுல்ஸ் வீட்டில் செய்தால் ஏன் குழைகிறது?

ராலேவாசி (கேள்வி)

வர்ற சனிக்கிழமை மகளுக்குப் பத்து வயசு. ஜப்பானிய ஸ்டேக்ஹவுஸ்ல கண்ணெதிரே புரட்டிக் கொடுப்பாங்களே, அந்த ஹிபாச்சி நூடுல்ஸ்தான் வேணுமாம். தோழிகளையும் கூட்டிக்கிட்டுப் போனா கட்டுப்படியாகாது. அதனால நேத்து ஒத்திகை பார்த்தேன். அரை கிலோ ஸ்பகெட்டியை வேகவச்சு, நான்ஸ்டிக் வாணலியில வெண்ணெய், பூண்டு, சோயா சாஸ், சர்க்கரை போட்டுக் கிளறினேன். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு, இனிப்பு மட்டும்தான் தெரிஞ்சுது. அந்த லேசான கருகல் மணம் துளியும் இல்லை. எங்க வீட்ல மின்சார அடுப்பு, நாங்க சைவம். எங்கே தப்பு?

அடுப்படி

அரை கிலோவையும் ஒரே தடவையில போட்டதுதான். வாணலியோட சூடு சட்டுனு இறங்கிடும்; அப்புறம் நூடுல்ஸ் வறுபடாது, அதோட ஈரத்துலயே வெந்துகிட்டு இருக்கும். எட்டு வருஷமா வெள்ளிக்கிழமை ராத்திரி எங்க வீட்ல இதுதான், அதுவும் மின்சார அடுப்புல. ஒரு ஈட்டுக்கு ரெண்டு பேருக்கு மேல போடவே மாட்டேன்.

ரெண்டு ஈட்டுக்கு 225 கிராம் ஸ்பகெட்டி போதும். பாக்கெட்ல போட்டிருக்கற நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாடியே வடிச்சிருங்க. பச்சைத் தண்ணியில அலசி, கொஞ்சம் எண்ணெய் புரட்டி, தட்டுல பரப்பி ஃப்ரிட்ஜ்ல வைங்க. முந்தின நாள் சோத்துல ஃப்ரைட் ரைஸ் உதிரியா வருமே, அதே கதைதான்.

நான்ஸ்டிக்கை விட்டுட்டு, கனமான வார்ப்பிரும்பு வாணலியை எடுங்க. அஞ்சு நிமிஷம் வெறுமனே காயட்டும். முதல்ல எண்ணெய்தான். வெண்ணெயை அந்தச் சூட்டுல போட்டா அதுல இருக்கற பால் பகுதி கருகிக் கசக்கும். வெங்காயம், காளான், சுக்கினி மூணையும் வதக்கி எடுத்துட்டு நூடுல்ஸைப் போடுங்க. போட்டதும் கரண்டியைத் தொடாதீங்க! ஒரு நிமிஷம் அடியில லேசா முறுகட்டும். பிறகுதான் ஒரு டேபிள்ஸ்பூன் வெண்ணெயும் நசுக்கின பூண்டும்.

சோயா சாஸ் ஒன்றரை டேபிள்ஸ்பூன்ல அரை டேபிள்ஸ்பூன் பழுப்புச் சர்க்கரையைக் கரைச்சு வச்சுக்கங்க. அதை நூடுல்ஸ் மேல ஊத்தக்கூடாது. நூடுல்ஸை ஒரு பக்கமா ஒதுக்கி, வெறும் இரும்பு மேல ஊத்தணும். சுர்ருனு பொங்கிச் சுண்டும்போது வருதே, நீங்க தேடற மணம் அதுதான். புரட்டி, காயைச் சேர்த்து உடனே இறக்கிடுங்க. கடைசியா அரை டீஸ்பூன் வறுத்த எள்ளெண்ணெய். நம்ம நல்லெண்ணெய் வறுக்காத எள்ளுல ஆட்டினது, அந்த வாசம் அதுல வராது.

மாவுக்கை

யாக்கிசோபா நூடுல்ஸ் கிடைச்சா அதையே வாங்குங்க. சோபான்னா பக்வீட்ங்கற தானியத்துல செய்யற நூடுல்ஸ்; ஆனா பேர்ல சோபா இருந்தாலும் யாக்கிசோபா கோதுமைதான். கிடைக்கலைன்னா ஸ்பகெட்டி வேகற தண்ணியில லிட்டருக்கு ரெண்டு டீஸ்பூன் சமையல் சோடா போடுங்க. சோடாவால தண்ணியில காரத்தன்மை (alkali) ஏறினா நூடுல்ஸுக்கு மஞ்சள் நிறமும், ராமென்ங்கற ஜப்பானிய சூப் நூடுல்ஸ் மாதிரி ஒரு இழுவையும் வரும். நுரை பொங்கும், பெரிய பாத்திரமா வைங்க. வடிச்சதும் நல்லா அலசணும்.

கோபே ரயில்

ஹிபாச்சின்னா ஜப்பான்ல கரி போட்டுக் குளிர் காயற கணப்பு. இந்த இரும்புத் தகட்டுச் சமையலுக்குப் பேர் தெப்பன்யாக்கி. ஜப்பானோட கோபே நகரத்துல 1945-ல மிசோனோ கடையில தொடங்கினது. 1964-ல நியூயார்க்ல பெனிஹானாங்கற உணவகம் வந்தபிறகு அமெரிக்கா முழுக்கப் பரவிச்சு. தகடு தடிமனா இருக்கறதாலதான் சூடு இறங்கறதில்லை, அடுப்படி வார்ப்பிரும்பு சொல்றதும் அதுக்குத்தான். சைவம்னா சிப்பி சாஸ் பக்கம் போகாதீங்க, பல குறிப்புகள்ல அதைச் சேர்க்கச் சொல்லியிருப்பாங்க.

ராலேவாசி

இன்னிக்கு மறுபடி செஞ்சேன், சோடா போட்டு, ரெண்டு ஈடா. சாஸை இரும்பு மேல ஊத்தினதும் மாடியில இருந்த மகள் "அப்பா, அந்த வாசனை!"ன்னு ஓடி வந்தா. முதல் ஈடு மேசைக்கு வரவே இல்லை, வாணலியிலிருந்தே தீர்ந்துபோச்சு. சனிக்கிழமைக்கு நாலு ஈடு போடணும். வேகவச்ச நூடுல்ஸை வெள்ளிக்கிழமை ராத்திரியே ஃப்ரிட்ஜ்ல வைக்கலாமா?

அடுப்படி

தாராளமா. மூடி வைங்க. போடறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடி வெளியே எடுத்து, கையால உதிர்த்து விடுங்க. மகளுக்கு எங்க வாழ்த்து.