ஆள் காணோம்னா 24 மணி நேரம் காத்திருக்கணுமா?

மேலூரான்: "ஆள் காணாமப் போனா 24 மணி நேரம் கழிச்சுத்தான் ஸ்டேஷன்ல புகார் எடுப்பாங்க"ன்னு ஒரு பதிவு குரூப் குரூப்பா சுத்துது. எழுதின புண்ணியவான் எந்தச் சட்டத்துல படிச்சார்? அப்படி ஒரு விதியே கிடையாது. காத்திருக்கிற நேரத்துல போன் சார்ஜ் தீர்ந்து டவர் போயிடும். கடை சிசிடிவியில ஹார்டு டிஸ்க் நிறைஞ்சா பழைய பதிவு மேலயே புதுசு ஏறிடும்.

பழைய ஏட்டு: விதி இல்லைதான். ஆனா 25 வயசு ஆள் வீட்டுல சண்டை போட்டுட்டுக் கிளம்பினா உடனே எஃப்ஐஆரா? அதுக்குத்தான் சிஎஸ்ஆர், அதாவது வழக்குப் போடாம புகாரைப் பதிவேட்டுல ஏத்தின ரசீது கொடுத்து விசாரிக்கிறது.

மேலூரான்: "இல்லைதான், ஆனா..." இந்த ஆனாவுலதான் ஒரு ராத்திரி போகுது. பிரிவு நம்பர் சொல்லுங்க ஏட்டய்யா.

கறுப்புக்கோட்டு: 18 வயசுக்குள்ளன்னா சிஎஸ்ஆர் பேச்சே வரக்கூடாது. பச்பன் பச்சாவோ ஆந்தோலன்ங்கிற குழந்தை உரிமை அமைப்பு போட்ட வழக்கு, 2013 மே 10, உச்ச நீதிமன்றம்: கடத்தல்னு கருதி எஃப்ஐஆர் போடணும். 4 மாசத்துல கிடைக்கலைன்னா ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போகணும். ஆனா மேலூரான், 24 மணி நேரம் சட்டத்துலயே இல்லைன்னு அடிச்சு விடாதீங்க. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 32 பாருங்க.

மேலூரான்: பார்த்தாச்சு. தனியா நிக்கிற பிள்ளையைக் கண்டவங்க 24 மணி நேரத்துக்குள்ள தகவல் சொல்லணும்னு இருக்கு. "உள்ள"வும் "கழிச்சு"வும் உங்களுக்கு ஒண்ணா? விதியே இல்லைன்னு நான் சொன்னது காணோம்னு புகார் கொடுக்கிறதுக்கு.

கறுப்புக்கோட்டு: அதை முதல்லயே தெளிவா எழுதியிருக்கணும். ஜீரோ எஃப்ஐஆர் (சம்பவம் எந்த எல்லையில நடந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் போடுற எஃப்ஐஆர்) பத்தின இழையிலயும் உங்களுக்கு இதே அவசரம்தான்.

மேலூரான்: அந்த இழையில "எங்க எல்லை இல்லைன்னு திருப்பி அனுப்பலாம்"னு எழுதினது நீங்க. 2024 ஜூலை 1-ல இருந்து பிஎன்எஸ்எஸ் (பழைய சிஆர்பிசிக்குப் பதிலா வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 173-லயே எல்லை பார்க்காம வாங்கணும்னு வந்தாச்சு.

கறுப்புக்கோட்டு: நான் எழுதினது பழைய நடைமுறையை. திரிக்காதீங்க.

பழைய ஏட்டு: எல்லை, திரிப்பு எல்லாம் இருக்கட்டும். வெறுங்கையோட வந்து "கண்டுபிடிங்க"ன்னா எப்படி? சமீபத்துல எடுத்த போட்டோ, கடைசியாப் போட்டிருந்த சட்டை நிறம், மச்சம், தழும்பு, போன் டப்பாவுல ஒட்டியிருக்கிற ஐஎம்இஐ நம்பர் (ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்கிற அடையாள எண்) வேணும். போன் கால் விவரம் ஸ்டேஷன்ல உக்காந்து எடுக்கிறது இல்ல. எஸ்பி (மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்) ஆபீஸ் வழியாப் போகணும்.

மேலூரான்: அதனாலதான் முதல் மணி நேரத்துலயே போகச் சொல்றேன். வாங்க மறுத்தா 173(4): புகாரை எழுதி எஸ்பிக்குத் தபால்ல அனுப்பணும், அப்பவும் அசையலைன்னா மாஜிஸ்திரேட். எஃப்ஐஆர் நகல் இலவசம், கேட்டு வாங்குங்க. இப்ப சொல்லுங்க, 24 மணி நேரம் எந்தப் பிரிவு?

பழைய ஏட்டு: விதின்னு நான் எங்கய்யா சொன்னேன்? நடைமுறையைச் சொன்னேன்.

மேலூரான்: பிரிவு நம்பர்?