கொலிஸ்டின் சோதனையில் இடைவிட்டு வளரும் கிளெப்சியெல்லா: உதவி தேவை

கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியாவுக்குக் கொலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியின் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவை (வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த அளவை) அளக்கையில், லிட்டருக்கு 2, 4 மில்லிகிராம் கொண்ட குழிகள் தெளிவாக இருக்க, 8 உள்ள குழியின் அடியில் மட்டும் பாக்டீரியா வளர்ச்சியைக் காட்டும் வெண்படிவு திரள்வதால், முடிவை எழுத இயலாமல் நிற்கிறேன்.

கால்சியமும் மக்னீசியமும் சரிசெய்த முல்லர்-ஹின்டன் திரவ ஊடகத்தில், 35 டிகிரியில், 18 மணி நேரம் வளர்க்கிறேன். இம்மருந்து பிளாஸ்டிக்கில் ஒட்டும் இயல்புடையது என்பதால் பூச்சற்ற பாலிஸ்டைரீன் தட்டையே பயன்படுத்துகிறேன். சென்ற மாதத்திலிருந்து மருந்துக் கரைசலையும் தட்டையும் மாற்றிப் பார்த்தும் பயனில்லை, சோதனையின் தரம் பார்க்க வைத்த ஒப்பீட்டு ஈ.கோலை பாக்டீரியாவோ எதிர்பார்த்த வரம்புக்குள்ளேயே நிற்கிறது. மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனையில், கொலிஸ்டின் எதிர்ப்பைத் தரும் எம்சிஆர்-1 மரபணு இல்லை. பழுதானால் இதே எதிர்ப்பைத் தரும் எம்ஜிஆர்பி மரபணுவின் நீளமும் மாறவில்லை, ஆயினும் ஓரெழுத்து மட்டும் மாறும் புள்ளிப்பிறழ்வை இது விலக்கிவிடாது.

அக்குழியில் வளர்ந்ததைப் பிரித்து மீண்டும் சோதித்தால் 16-க்கு மேல் தாங்குகிறது; மருந்தில்லா ஊடகத்தில் தொடர்ந்து வளர்த்தால் பழைய நிலைக்கே திரும்புகிறது. கடைசிப் புகலிடமான மருந்துகளில் ஒன்றை, பலனளிக்கும் என்று தவறாக எழுதிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

இது கலப்பு எதிர்ப்புத்திறன்தானா, அதாவது ஒரே தொகையில் சில உயிரணுக்கள் மட்டும் மருந்தைத் தாங்கும் நிலைதானா என்பதை உறுதிசெய்ய, வெவ்வேறு செறிவுகளில் உயிரணுக்களை எண்ணும் தொகைப் பகுப்பாய்வை முதலில் செய்வதா, கொலிஸ்டின் எதிர்ப்போடு தொடர்புடைய பிஎம்ஆர்ஏபி, பிஎச்ஓபிக்யூ மரபணுக்களை வரிசைப்படுத்துவதா?