டெட்பான்டுக்கு ‘வாளா வலயம்’ என்ற முன்மொழிவு

அன்பின் நண்பர்களுக்கு,

டெட்பான்ட் (deadband: அளவு சிறிது மாறினாலும் கருவி ஒன்றும் செய்யாதிருக்கும் எல்லை) என்பதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று நம் குழுவில் கேட்டதற்கு வந்த சொற்களில் ‘தயக்க இடைவெளி’க்கு ஆதரவு கூடிக்கொண்டு போகிறது. தயவுசெய்து அதை ஏற்க வேண்டாம். தமிழகப் பாடநூல்களில் ஹிஸ்டரிசிஸுக்கு (முந்தைய நிலையைப் பொறுத்து நடந்துகொள்ளும் தன்மைக்கு) ‘தயக்கம்’ என்ற சொல் எப்போதோ நிலைத்துவிட்டது. இவை இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால் மாணவர்கள்தான் அல்லாடுவார்கள்.

எங்கள் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியையே எடுத்துக்கொள்ளுங்கள். கொழுந்து பரப்பிய நீளத் தொட்டிகளுக்கு அடியில் விசிறி காற்றைத் தள்ளும். மூடுபனி இறங்கிவிட்டால் வெளிக்காற்றை மட்டும் நம்ப முடியாது, சூடான காற்றையும் கலக்க வேண்டும். எவ்வளவு கலப்பது என்பதை உலர் குமிழ், ஈரக் குமிழ் வெப்பமானிகளின் வித்தியாசம் சொல்லும்; காற்றில் ஈரம் கூடினால் அது குறையும். சூடான காற்று வரும் வழியில் மோட்டர் பூட்டிய கதவு ஒன்றை வைத்தோம் என்று கொள்வோம். வித்தியாசம் குறைந்தால் கதவு இன்னும் திறக்கும், கூடினால் மூடும். இலக்கை ஒட்டிய ஒரு சிறு எல்லைக்குள் மோட்டர் எந்தப் பக்கமும் திரும்பாது. அந்த எல்லைதான் டெட்பான்ட். அது இல்லாவிட்டால் கதவு ஓயாமல் முன்னும் பின்னும் ஆடி, மோட்டரை இயக்கும் ரிலே சுவிட்சின் முனைகள் கருகிப்போகும்.

ஹிஸ்டரிசிஸில் விசிறி ஓர் அளவில் ஓடத் தொடங்கும், வேறோர் அளவில் நிற்கும். இடைப்பட்ட அளவில் ஓடிக்கொண்டிருந்தது ஓடும், நின்றிருந்தது நிற்கும். முன்பு என்ன நடந்தது என்ற நினைவு அதற்கு வேண்டும். நம் கதவுக்கு அது தேவையே இல்லை.

நம் குழுவின் பேராதனை சேர் சொன்ன ‘செயலற்ற வலயம்’ கதவுக்கு நன்றாகப் பொருந்துகிறது. கணினி வலையமைப்புக்குள் போனால்தான் இடிக்கிறது. 2002இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வலையமைப்பில் தரவுப் போக்குவரத்தைக் குறைக்க இதே டெட்பான்டைப் பயன்படுத்தினார்கள். கடைசியாக அனுப்பிய பெறுமானத்திலிருந்து போதிய அளவு மாறினால் மட்டுமே புதிய தரவுப் பொதி போகும். கட்டடக் கருவிகள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் பேக்நெட் (BACnet) நெறிமுறையிலும் பெறுமான மாற்றத்தை மட்டும் அறிவிக்கும் வசதி உண்டு. அங்கே அளவை எடுத்து அனுப்பும் உணரியைச் செயலற்றது என்று எப்படிச் சொல்வது? அது அளந்துகொண்டேதான் இருக்கிறது, வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

வாளாவிருத்தல் என்றால் ஒன்றும் செய்யாதிருப்பது, பேசாதிருப்பது இரண்டும் அடங்கும். மோட்டருக்கும் ஆகும், உணரிக்கும் ஆகும். அதனால்தான் ‘வாளா வலயம்’ என்கிறேன். ‘வாளா வீச்சு’ என்றால் வாள்வீச்சு நினைவுக்கு வரும், ‘வாளாவிடை’யில் (வாளா + இடை) விடை துருத்திக்கொண்டு நிற்கும். இரண்டையும் விட்டுவிட்டேன்.

வாக்கியத்தில் வைத்தும் பார்த்தேன். கட்டடங்களின் ஆற்றல் சிக்கனத்துக்கான ஆஷ்ரே (ASHRAE) 90.1 நியமத்தின் விதி இப்படி வரும்: “சூடாக்கலையும் குளிரூட்டலையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் வெப்பநிலைக் கட்டுப்படுத்தியில் குறைந்தது 3 பாகை செல்சியஸ் வாளா வலயம் இருக்க வேண்டும்.” வலையமைப்புப் பாடத்துக்கு: “வாளா வலயத்தை அகலமாக்கினால் பொதிகள் குறையும், ஆனால் அளவீட்டுப் பிழை கூடும்.” இரண்டும் தடங்கலில்லாமல் வாசிக்க முடிகிறது.

வாளா பழைய சொல், பிள்ளைகளுக்குப் புரியாது என்று திருச்சி அண்ணா சொல்லக்கூடும். தொழிற்சாலையில் வேலை செய்கிற தம்பி ஒருவரிடம் கதவை வைத்து விளக்கினேன். சட்டென்று பிடித்துக்கொண்டார்.

‘வலயம்’ இலங்கையில் அன்றாடச் சொல். தமிழகத்தில் ‘மண்டலம்’தான் வேண்டுமென்றால் ‘வாளா மண்டலம்’ என்றாலும் எனக்குச் சம்மதம். முதற்பாதியை மட்டும் மாற்றாதீர்கள்.