மறுமொழி: குத்துக்கல் மண்டபம், ஆளுக்கு ரூ.10,000

தலைவர் மாமாவுக்கும் மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஊர்க் குத்துக்கல்லுக்கு (அந்தக் காலத்தில் இறந்தவர்களுக்காக நட்டு வைத்த நெடுங்கல்) மண்டபம் கட்ட ஆளுக்கு ரூ.10,000 கேட்டிருக்கிறீர்கள். நான் இப்போது பணம் அனுப்பப் போவதில்லை. தேர்க் கொட்டகை வசூலின் கணக்கு வராததால் மட்டும் இல்லை. (அதுவும் வரவில்லை. பொருளாளர் அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

பொங்கலுக்கு ஊருக்குப் போன என் நாத்தனார் அனுப்பிய படங்களை இணைத்திருக்கிறேன், பாருங்கள். கல்லின் மேற்குப் பக்கம் ஜேசிபி வைத்து முழங்கால் ஆழம் தோண்டியிருக்கிறார்கள். மண் குவியலில் உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாகப் பானை ஓடுகள். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது வந்த அதே சாதி ஓடு. அங்கேயும் இறந்தவர்களைப் புதைத்த ஈமக்குழியை ஒட்டித்தான் குத்துக்கல் நிற்கிறது. அப்பாரு (தாத்தா) “அது பாண்டியன் குழி, அங்கே ஆட்டை ஓட்டாதே” என்று விரட்டியது சும்மா இல்லை.

அவ்வளவு பெரிய கல்லைப் பிடித்து நிறுத்துவது, அடியில் இறுக்கி வைத்த சின்னக் கற்களும் மண்ணும்தான். அதைக் கிளறிவிட்டு மேலே டைல்ஸ் ஒட்டினால் ஒரு மழைக்குத் தாங்குமா? மண்டபம் ஊர்ப் பெருமை என்கிறார் கோயமுத்தூர்ச் சித்தப்பா. திருப்பூர் மாவட்டத்துக் குமரிக்கல்பாளையத்தில் நிற்கும் குத்துக்கல்லைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். அதற்கு யார் மண்டபம் கட்டினார்கள்?

கல்லுக்கு அரசின் காப்பு வந்துவிட்டால் 100 மீட்டருக்குள் வீடு கட்ட முடியாது என்று மேற்கு வீட்டில் பயப்படுகிறார்களாம். அந்த விதி மத்தியத் தொல்லியல் துறையின் பட்டியலில் இருக்கும் சின்னங்களுக்கு. 1958ஆம் வருடச் சட்டத்தில் 2010இல் சேர்த்தது. நாம் போக வேண்டியது மாநிலத் தொல்லியல் துறைக்கு, தமிழ்நாட்டின் 1966 சட்டத்தின்படி. அரசு அறிவிக்கை வெளியிட்டால்தான் பாதுகாக்கப்பட்ட சின்னம். அதுவரை நம் கல்லுக்கு அந்தச் சட்டத்தின் காப்பு இல்லை. கிணற்று வழக்கில் காட்டிய வேகத்தில் கால்வாசி காட்டினால் போதும், மனு இந்த மாதமே போய்விடும்.

முதல் வேலை, கல் நிற்பது புறம்போக்கிலா பட்டாவிலா என்று வி.ஏ.ஓ.விடம் ‘அ’ பதிவேட்டை (எந்த நிலம் யாருடையது என்று சொல்லும் பதிவு) பார்ப்பது. அப்புறம் கலெக்டருக்கும் துறைக்கும் மனு. கையெழுத்துப் போடுகிறவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள். இதற்கு வசூல் தேவையில்லை.

மாமா, தோண்டிய மண்ணில் பாதியைத்தான் படத்தில் காணோம். டிராக்டர் யாருடையது, யார் தோட்டத்தில் கொட்டினார்கள் என்பதை இங்கேயே எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதிவிடுங்கள்.

மஸ்கட்டிலிருந்து
வாத்தியார் வீட்டுப் பேத்தி