மாரியில் பழுதாகும் மாயாவி கொமிக்ஸ்: எப்பிடிக் காப்பாத்துறது?

கேள்வி:
யாழ்ப்பாணத்து மாரி ஈரத்தில முத்து கொமிக்ஸின்ர பழைய இரும்புக்கை மாயாவி இதழுகள் பூஞ்சணம் பிடிக்குது. ஸ்டேப்ளர் பின் அடிச்ச இடமெல்லாம் கறள் (துரு). லமினேட் பண்ணலாமோ?

பதில் 1:
ஐயோ தம்பி, லமினேட் பண்ணாதேங்கோ! சூட்டில ஒட்டினதைப் பிறகு உரிக்கேலாது. முதல்ல கறள் பின்னை எடுங்கோ. இதழை நடுப்பக்கத்தில விரிச்சு, மெல்லிய கத்தி நுனியால பின்னின்ர இரண்டு காலையும் நிமித்தி, வெளிப்பக்கத்தால மெதுவா இழுக்கவேணும். உள்ளுக்க இருந்து இழுத்தால் அட்டை கிழியும். பிறகு அதே துளையால வெள்ளைப் பருத்தி நூல் கோத்துக் கட்டுங்கோ. செலோடேப் வேண்டாம், அதின்ர பசை மஞ்சளாகித் தாளுக்குள்ள ஊறும்.

பூஞ்சணத்தை ஈரத்துணியால துடைச்சால் இன்னும் பரவும். நிழல்ல காத்தாட நல்லாக் காயவிட்டு, மாஸ்க் போட்டு, மெல்லிய தூரிகையால வெளியில வைச்சுத் தட்டுங்கோ. வெயில் கூடாது, அந்த மலிவுத் தாள் மஞ்சளாகி நொருங்கிப்போம்.

பதில் 2:
அண்ணை சொன்னது சரி. வைக்கிறதுக்கு பொலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் உறை நல்லம், பிவிசி பிளாஸ்டிக் வேண்டாம். மூடி இறுக்கமான பெட்டியில ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல் போட்டு, சின்ன ஈரப்பதமானி ஒண்டும் வையுங்கோ. ஈரப்பதம் 65 வீதத்துக்கு மேல போனால் பூஞ்சணம் திரும்ப வரும். நிறம் மாறுற ஜெல் எண்டால் எப்ப காயவைக்கவேணும் எண்டு பார்த்தவுடன தெரியும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணை. தாள் அரிக்கிற இராமபாணப் பூச்சிக்கு என்ன செய்யிறது?

பதில் 2:
காஞ்ச இதழைக் காத்துப் புகாமல் பையில கட்டி, ஃப்ரீசரில -18 பாகை செல்சியஸில இரண்டு கிழமை வையுங்கோ. எடுத்த உடன பையைத் திறக்காதேங்கோ, தாள் வேர்த்துப்போம். ஒரு நாள் வெளியில கிடக்கட்டும்.